கிட்டிலிருந்து அக்கூஸ்டிக் கிட்டார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கித் தங்கள் முதல் அக்கூஸ்டிக் கிட்டாரைச் செய்பவர்களின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம், என் தொடக்க காலத் தவறுகளே வரிசை மாறாமல் திரும்ப வருவதைக் காண்கிறேன். பசை வழிவது, உப்புத்தாள் கீறல் போன்றவற்றை அவர்களே கண்டு திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

பிரிட்ஜின் இடத்தை வரைபடத்திலிருந்து குறிப்பது

பிரிட்ஜ் என்பது கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் மரத்துண்டு. இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது அதன் இடத்தில் நேரும் இந்தத் தவறுதான். எல்லா வேலையும் முடிந்து கம்பி மாட்டிய பிறகே இது வெளியே தெரியும். அண்மையில் ஓர் இளைஞர் கொண்டுவந்த டிரெட்நாட் (பெரிய உடல் கொண்ட வகை) கிட்டாரின் மரவேலையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், சுருதி சேர்த்துவிட்டு 12ஆவது ஃப்ரெட்டை (கைப்பிடித் தண்டான நெக்கில் குறுக்காகப் பதித்த உலோகக் கீற்று) அழுத்தினால் ஒவ்வொரு கம்பியும் சற்று ஏறியே ஒலித்தது. அளந்து பார்த்தபோது, சாடில் (பிரிட்ஜின் பள்ளத்தில் நின்று கம்பிகளைத் தாங்கும் பட்டை) இருக்க வேண்டிய இடத்துக்கு 3 மி.மீ. முன்னே இருந்தது. அரைச்சுரம் ஒன்றை 100 சென்ட்டாகக் கொண்டால் அந்த ஃப்ரெட்டில் இது சுமார் 8 சென்ட் பிழை. எந்த கார்டைப் (சுரக்கூட்டு) பிடித்தாலும் உறுத்தும்.

நெக்கைப் பொருத்தும் முன்பே வரைபடத்தைப் பார்த்து டாப்பில் (முகப்புப் பலகை) குறி போட்டுவிட்டார். பிறகு கோணத்தைச் சரிசெய்ய நெக்கின் அடியைச் சீவச் சீவ, நெக் உள்ளே நகர்ந்துகொண்டே வந்தது. குறி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆகவே, முதலில் நெக்கை முழுமையாகப் பொருத்துங்கள். நெக்கின் தலைமுனையில் கம்பிகள் படியும் பட்டையான நட்டின் முன்விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் நடுப்பகுதி வரை அளந்து, அதை இரட்டியுங்கள், 645 மி.மீ. ஸ்கேல் (கம்பியின் கணக்கு நீளம்) என்றால் பாதி 322.5 மி.மீ. வர வேண்டும். கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறுவதால், இந்த நீளத்தோடு மெல்லிய ஈ (E) கம்பிக்கு 2 முதல் 3 மி.மீ. வரையும், தடித்த ஈ கம்பிக்குச் சுமார் 5 மி.மீ. அளவும் கூட்டி சாடிலை வைக்க வேண்டும். பசை ஈரமாக இருக்கையில் பிரிட்ஜ் வழுக்கும் என்பதால், சாடில் பள்ளத்துக்குள் இரண்டு சிறு துளைகள் போட்டு, ஊசி செருகி நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? கம்பிகளை நிறுத்தும் பின்கள் (pins) செருகும் துளைகள் வரை இடம் இருந்தால், பழைய பள்ளத்தை அதே மரத்தின் சீவலால் நிரப்பிவிட்டுச் சரியான இடத்தில் புதிதாக வெட்டலாம். இடம் இல்லையென்றால் பிரிட்ஜைச் சூடாக்கி, பெயின்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை மர ரேகை வாக்கிலேயே செருகி, பொறுமையாகக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் டாப்பின் ஸ்ப்ரூஸ் மரம் நார் நாராகப் பிய்ந்து பிரிட்ஜோடு வந்துவிடும். சரியாகக் கழற்றிப் பின்னே நகர்த்தினாலும் முன்புறம் ஒரு வெளிர் கோடு நிற்கும். லேக்கர் (மேற்பூச்சு) பூசினாலும் அது முழுவதும் மறையாது.

லேக்கர் மேல் பிரிட்ஜை ஒட்டுவது

சுரண்டிவிட்டு வெறும் மரத்தில் ஒட்டுங்கள். கம்பிகளின் மொத்த இழுவை 70 கிலோவைத் தாண்டும்.

மழைக்காலத்தில் பிரேஸ் ஒட்டுவது

சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரம் ஏறிய நிலையில் பிரேஸ்கள் (உட்புறம் தாங்கும் மரப்பட்டைகள்) ஒட்டிய டாப், பிறகு ஏசி அறையில் காயும்போது குறுக்குவாட்டில் சுருங்க முயலும். பிரேஸ்கள் அதற்கு இடங்கொடுக்காததால் ரேகை வாக்கில் விரிசல் விடும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்துக்கு இறங்கி, மரமும் அதில் சில நாள் கிடந்த பிறகே பசையைத் தொடுங்கள்.

கிளாம்ப்பை முழு பலத்தோடு முறுக்குவது

பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும்.

நட்டின் பள்ளத்தை ஒரே மூச்சில் அராவுவது

ஆழம் கூடினால் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். எலும்புத் தூளைச் சூப்பர் குளூவோடு சேர்த்துப் பள்ளத்தை நிரப்பி மறுபடி அராவலாம். அதுவும் கெட்டால் புது நட் போடுங்கள். அதன் விலை குறைவு.