கிளை அலுவலக போன் ரூட்டிங்கில் செய்யக்கூடாத தவறுகள்

நெல்லை வண்ணார்பேட்டையில் தலைமை அலுவலகம், அம்பாசமுத்திரத்தில் கிளை. அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் எண்களை 101-இலிருந்து வரிசையாகக் கொடுத்திருந்தார்கள். எட்டாவதாக வந்த குடோனுக்கு 108. ஒரு மத்தியானம் மூட்டை இறக்கியவர் மயங்கி விழுந்திருக்கிறார். மேசைப் போனில் 108 அடித்த பெண், “அண்ணாச்சி, ஆம்புலன்ஸுக்கு அடிச்சா நம்ம குடோன்லல்லா மணி அடிக்கு” என்று பதறியிருக்கிறார். இன்னொருவர் செல்போனில் கூப்பிட, ஆள் பிழைத்தார். மறுநாள் எண்களை மாற்றப் போனவன் நான்.

1-இல் தொடங்கும் எக்ஸ்டென்ஷன் எண்ணே வேண்டாம். 100, 101, 108, 112 எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. வெளி லைன் எடுக்க 0 அடிக்கும் பழக்கம் உள்ள இடத்தில், அவசர எண்கள் 0 போட்டாலும் போடாவிட்டாலும் போக வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு 0 நினைவில் நிற்காது.

அடுத்தது, எந்த ஊர் லைனில் கால் வெளியேறுகிறது என்பது. செலவு மிச்சம் என்று கிளைகளின் எல்லாக் கால்களையும் நெல்லை லைன் வழியே விட்டுவிடுகிறார்கள். தென்காசியில் தீப்பிடித்து 101 அடித்தால் அந்தக் கால் நெல்லையில் போய் இறங்கும். எடுப்பவருக்குத் தெரிவதும் நெல்லை எண்தான். ஒவ்வொரு கிளையிலும் அந்த ஊர் லைன் ஒன்றாவது இருக்கட்டும். அவசர எண்கள் அதில் மட்டுமே போகட்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சாதாரணக் கால்களிலும் இதே சிக்கல்தான். நெல்லையின் எஸ்டிடி கோட் 0462, உள்ளூர் எண் 7 இலக்கம். தென்காசிக்கு 04633, அம்பாசமுத்திரத்துக்கு 04634. அங்கே உள்ளூர் எண் 6 இலக்கம். தென்காசிக்காரர் வழக்கம்போல் அடிக்கும் 6 இலக்கம் நெல்லை லைனில் போனால் சேராது. கிளை வாரியாக விதி எழுதி, வேற்றூர் லைனில் போகும்போது எஸ்டிடி கோட் எண்ணை சிஸ்டமே சேர்க்கும்படி செய்யுங்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 கட்டாயம். அதையும் சிஸ்டமே போடட்டும்.

கிளையின் கால்களை டேட்டா லைனில் கொண்டுபோய் இன்னோர் ஊரின் போன் லைனில் இறக்குவதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. லைன் தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே செய்யுங்கள்.

நடுவில் கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிளைப் போன்கள் எல்லாம் நெல்லை சர்வரை நம்பியிருந்தால், இணைப்பு போனதும் பக்கத்து மேசைக்குக்கூடப் பேச முடியாது. கிளையிலேயே தனித்து இயங்கும் கேட்வே (போன்களை வெளி லைனோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். அதற்கும் ரூட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும். மோடத்தை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

விடுமுறை அட்டவணையையும் கிளை வாரியாகப் பிரியுங்கள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகிவிட்டது. அங்கே அன்று கடை திறந்திருக்கும். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு நிலைமை தலைகீழ். ஒரே அட்டவணை போட்டால், ஆள் இருக்கும் கிளையைக் கூப்பிடுகிறவருக்கு ‘இன்று விடுமுறை’ என்ற பதிவுக்குரல்தான் கேட்கும்.

டெஸ்டிங்கைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிக்காதீர்கள். பஸ் ஏறிக் கிளைக்குப் போய், அங்குள்ள மேசைப் போனிலிருந்தே உள்ளூர் எண், நெல்லை எண், மொபைல் என்று அடித்துப் பாருங்கள். அவசர எண்ணுக்கு ஒரே ஒரு முறை, ‘இது டெஸ்ட் கால்’ என்று எடுத்தவரிடம் முதலிலேயே சொல்லி, அவர் திரையில் எந்த எண் தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு நெல்லைக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, அவசர எண் தவிர மற்ற எல்லாவற்றையும் இன்னொரு தடவை அடியுங்கள்.