மாவட்டச் செயலாளர் இரண்டு பேர்: அயல்நாட்டு அரசியலை ஒப்பிடும்போது நாம் விடும் பிழைகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் ரியூஷன் எடுக்கிறேன். போன மாதம் ஒரு கட்டுரையைத் திருத்தும்போது சிவப்புப் பேனை அப்படியே நின்றுவிட்டது. "தமிழ்நாட்டில் மாவட்டச் செயலாளர் நினைத்தால் வேட்பாளரையே மாற்றலாம். மட்டக்களப்பு மாவட்டச் செயலாளருக்கு அந்தத் துணிவு கிடையாது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான்.

சிரிப்பு வந்தாலும் பிழை முழுவதையும் அவன் தலையில் கட்ட முடியாது. வீட்டில் ஓடும் தொலைக்காட்சியில் பாதி சென்னையிலிருந்து வருகிறது. அங்கே மாவட்டச் செயலாளர் என்றால் கட்சிக்காரர். மாவட்டத்துக்குள் கட்சி அவர் கையில். இங்கே மாவட்டச் செயலாளர் என்றால் அரசாங்க அதிபர், கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்தின் தலைவர், மாதச் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர். தேர்தல் வந்தால் தெரிவத்தாட்சி அலுவலராக இருந்து எல்லாக் கட்சிகளிடமும் வேட்புமனு வாங்குகிறவரே அவர்தான். அவர் 'துணிவு' காட்டாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. (கச்சேரி என்றாலே சென்னைக்காரருக்குப் பாட்டுத்தான் ஞாபகம் வரும் என்பது வேறு கதை.)

மொழி ஒன்று என்பதால் நமக்கு வரும் வினை இது. நேபாளத்தையோ வங்காளதேசத்தையோ படிக்கும்போது அந்நியம் என்று தெரிந்து கவனமாக இருப்போம். தமிழ்நாடு என்றால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தொகுதி என்ற சொல்லையே எடுங்கள். பட்டிருப்புத் தொகுதி, கல்குடாத் தொகுதி, சம்மாந்துறைத் தொகுதி என்று நாமும் சொல்கிறோம். ஆனால் 1989 முதல் அந்தத் தொகுதிகளுக்கென்று தனியாக ஓர் உறுப்பினர் பாராளுமன்றம் போவதில்லை. மாவட்டம் முழுவதற்குமாக மட்டக்களப்பில் 5 பேர், திகாமடுல்ல என்று பெயர் வைத்த அம்பாறையில் 7 பேர். தமிழ்நாட்டில் 234 தொகுதிக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ. இருக்கிறார். ரோட்டில் குழி என்றால் யாரைத் திட்டுவது என்று அங்கே தெரியும். இங்கே ஐந்து பேரில் யாரைத் திட்டுவது?

இதிலிருந்து தலைமைப் பண்பாடே வேறாகப் போகிறது. மட்டக்களப்பில் ஒரு கட்சிப் பட்டியலில் 8 வேட்பாளர்கள். நாம் கட்சிக்கு ஒரு வாக்குப் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலுக்குள் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். ஆகவே ஒரு வேட்பாளருக்கு முதல் போட்டி எதிர்க்கட்சி அல்ல, பக்கத்து இலக்கத்தில் நிற்கும் சொந்தக் கட்சிக்காரர். ஒரே கட்சியில் எட்டுப் பேருக்கும் தனித்தனிச் சுவரொட்டி, தனித்தனி அலுவலகம் வருவது அதனால்தான். "நம்மட ஆக்களுக்கு ஒற்றுமை இல்லை, அங்கே பாருங்கள் கட்சிக் கட்டுப்பாட்டை" என்று நம் பெரியவர்கள் நொந்துகொள்வதில் பாதிக்கு இந்த வாக்குச்சீட்டைத்தான் கேட்க வேண்டும். இனத்தின் குணத்தைக் கேட்டுப் பயனில்லை.

சரி, அடுத்த பிழைக்கு வருவோம். இதைப் பிள்ளைகளைவிடத் தேத்தண்ணிக் கடைகளில்தான் அதிகம் கேட்கலாம். ஆளைத் தூக்கி ஒப்பிடுவார்கள், அவர் இருக்கும் கதிரையைப் பார்க்க மாட்டார்கள். "எம்.ஜி.ஆர். மாதிரி ஒரு ஆள் கிழக்குக்கு வந்திருந்தால்..." என்று கல்முனை பஸ் நிலையத்தடியில் ஒரு ஐயா பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே தொடங்குவார். வரட்டும். கண்டியில் பிறந்தவர்தானே, கொண்டுவந்து திருகோணமலையில் நம் முதலமைச்சர் கதிரையில் இருத்துவோம். தமிழ்நாட்டில் பொலிஸ் அவர் கையில் இருந்தது. இங்கே மாகாண சபைக்குப் பொலிஸ் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நடைமுறையில் வந்ததே இல்லை. காணியும் அப்படியே. 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரித்த மாதிரி இங்கேயும் ஒன்றை அறிவிக்க நினைத்தால், காசு சம்பந்தமான நியதிச்சட்டத்துக்கு, அதாவது மாகாண சபை இயற்றும் சட்டத்துக்கு, ஆளுநரின் சிபாரிசு வேண்டும். அந்த ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாண அரச ஊழியரின் நியமனமும் இடமாற்றமும்கூட ஆளுநர் பக்கம்தான். எம்.ஜி.ஆரே வந்தாலும் கொழும்புக்குப் பஸ் ஏறத்தான் வேண்டும்.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கத்துக்குப் பாய்ந்துவிடுவார்கள்: அங்கே முதலமைச்சர் ராஜா, இங்கே பொம்மை என்று. அதுவும் சரியில்லை. இந்தியாவிலும் ஆளுநரை நியமிப்பது டெல்லிதான். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025இல் தீர்ப்பு வந்தது. அளவையும் மறக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சனத்தொகை 7 கோடிக்கு மேல். நம் நாடு முழுவதையும் சேர்த்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும்.

இனி, மூன்று வருடமாகக் கேட்டுச் சலித்த ஒன்று. 2022இல் கொழும்பு, 2024இல் டாக்கா, 2025இல் காத்மாண்டு, "இளைஞர் எழுந்தார்கள், தலைவர் ஓடினார், எல்லாம் ஒரே கதை." தலைவர் போனதுவரைதான் ஒரே கதை. இங்கே ஜனாதிபதி கோட்டாபய ஜூலை 14 பதவி விலகினார், ஆறு நாளில் அதே பழைய பாராளுமன்றம் வாக்களித்து ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது. அவருடைய கட்சிக்கு அந்தச் சபையில் இருந்ததோ நாடு முழுவதுமான வாக்குக் கணக்கில் கொடுக்கும் தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே ஓர் ஆசனம்! யாப்பு உடையவில்லை, வளைந்தது. டாக்காவில் பிரதமர் ஹசீனா ஓகஸ்ட் 5 இந்தியாவுக்குப் போனார், பாராளுமன்றம் கலைந்தது, பொருளியலாளர் முகம்மது யூனுஸ் தலைமையில் தேர்தலில் நிற்காத ஆட்கள் நாட்டை நடத்தினார்கள். அங்கே 1,400 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். நேபாளத்தில் பாராளுமன்றக் கட்டடமே எரிந்தது, 70க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். இந்த மூன்றையும் ஒரே பந்தியில் போட்டு அமுக்கினால் என்னிடம் புள்ளி கிடைக்காது.

இன்னொன்று, கொழும்பு எழுந்தது என்றால் இலங்கை எழுந்தது என்று எழுதாதீர்கள். பெற்றோல் வரிசையில் நாமும்தான் நின்றோம். ஆனால் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்தை எங்கள் பக்கத்தில் பலர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள், கொஞ்சம் ஒதுங்கி நின்று. அந்த ஒதுக்கத்தின் தொடர்ச்சியை வாக்கிலும் காணலாம். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் எடுத்து, யாழ்ப்பாணத்தில்கூட முதலாவதாக வந்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் அது முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. ஒரு நாட்டை ஒரே நிறத்தில் பூசும்போது இப்படி ஒரு மாவட்டம் வந்து கணக்கைக் குழப்பும். வடக்கும் கிழக்கும் ஒன்று என்று எழுதுகிறவருக்கும் அதே குழப்பம்தான்.

எப்படி ஒப்பிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் நம் வயலிலிருந்தே வருகிறது. 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. அம்பாறையிலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் வேளாண்மை செய்பவர்களுக்குப் பெரும்போகம் என்ற முக்கிய நெற்போகம் வருகிறது, யூரியா இல்லை. நவம்பரில் அரசாங்கம் பின்வாங்கியது. அதே நவம்பரில், நாள்கூட அதிகம் தள்ளவில்லை, மோடி மூன்று வேளாண் சட்டங்களையும் மீளப் பெறுவதாக அறிவித்தார். கடையில் இதை "மோடி வளைந்து கொடுக்கத் தெரிந்தவர், கோட்டாபய முரடர்" என்பார்கள். இரண்டு பேருமே 'பலமான தலைவர்' என்ற பெயரில் வந்தவர்கள், இரண்டு பேருமே வளைந்தார்கள். பார்க்க வேண்டியது, எது வளைத்தது என்பதை.

இந்தியாவில் அந்தச் சட்டங்கள் 2020 செப்டெம்பரில் பாராளுமன்றம் வழியாக வந்தவை. பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயச் சங்கங்கள் டெல்லி எல்லையில் ஒரு வருடம் கூடாரம் போட்டு இருந்தன. சீக்கியரின் குருத்துவாராக்களிலிருந்து சாப்பாடு வந்தது. முக்கியமாக, 2022 தொடக்கத்தில் பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் சட்டமன்றத் தேர்தல். இங்கே? பக்கத்தில் தேர்தல் எதுவும் இல்லை. பாராளுமன்றத்தில் அரசாங்கத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை. விவசாயத்தில் பங்குள்ள நம் மாகாண சபையின் காலம் 2017இலேயே முடிந்ததால் அங்கே உறுப்பினரே இல்லை. வயற்காரருக்கும் ஜனாதிபதிக்கும் நடுவில் பிடித்துக் கேட்க ஒரு கதிரையும் இல்லாததால், காய்ந்து மஞ்சளான பயிரே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் நேரம் போய்விட்டது, அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. மறுகா அரிசி விலையை எல்லோரும் பார்த்தோம்.

தமிழ்நாட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிழக்கைப் பார்க்கும் பிழை தனியாகச் சொல்ல வேண்டியது. அங்கே முஸ்லிம்கள் தங்களைத் தமிழர் என்று சொல்வது சாதாரணம். திராவிடக் கட்சிகளுக்குள்ளும் இருக்கிறார்கள், தனிக் கட்சியும் வைத்திருக்கிறார்கள். இங்கே தமிழர், முஸ்லிம் என்பது இரண்டு அடையாளம். 1981இல் காத்தான்குடியில் அஷ்ரப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் 1986இல் அரசியல் கட்சியானது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டதையும் மறக்காத மண் இது. சென்னையிலிருந்து வரும் நண்பர் "ஒரே மொழி பேசுகிறீர்கள், பிறகு ஏன் இரண்டு கட்சி?" என்று அப்பாவியாகக் கேட்பார். அவரில் கோபப்படாதீர்கள். ஆனால் அவருடைய கேள்வியை உங்கள் கட்டுரையின் முடிவாக எழுதிவிடாதீர்கள்.

பெண் தலைமை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு என்று தொடங்கும் கட்டுரைகள், நம் பாராளுமன்றத்தில் பெண்கள் இன்னும் பத்து சதவீதத்தைத் தொடவில்லை என்பதையும் அடுத்த வரியில் எழுதட்டும். பெண் பிரதமரே கண்டிராத காலத்தில் யாப்பை எழுதிய நேபாளம் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கியது.

நேபாளம் என்றதும் என் வகுப்புக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டை விட்டுவிட்டு நேபாளத்தை எடுங்கள் என்பேன். சிறிய நாடு, பக்கத்தில் பெரிய இந்தியா, உள்நாட்டுப் போரிலிருந்து வெளியே வந்தது. நமக்கு நெருக்கம் அதிகம். 2015 யாப்பில் ஏழு மாகாணம் பிரித்தார்கள். 2017 நவம்பர், டிசெம்பரில் அவற்றுக்கு முதல் தேர்தல். அதே 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு நம் கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அவர்கள் தொடங்கிய வருடத்தில் நாம் நிறுத்தினோம். ஏன் என்று இரண்டு பக்கத்தில் எழுதி வரச் சொன்னேன்.

எழுதி வந்தார்கள், நன்றாகவே. கிழக்கில் கடைசியாக மாகாண சபைக்கு வாக்களித்தது 2012 செப்டெம்பரில். அப்போது இந்த வகுப்பில் மூத்த பிள்ளைக்கு ஐந்து வயது. "மாகாண சபை வாக்குச்சீட்டு எப்படி சேர் இருக்கும்?" என்று அவள் கேட்டாள். ஞாபகத்தில் இருந்த மட்டும் கரும்பலகையில் கீறிக் காட்டினேன்.