காட்டுக்குள் உங்கள் வேகம் எவ்வளவு? கப்பன் பூங்காவில் அளந்து பாருங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து என்னோடு ஓட வரும் தம்பி ஒருவன், 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவான். வரைபடம் பார்த்து, அதில் குறித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி ஓடும் விளையாட்டுதான் ஓரியன்டீரிங். அதன் வரைபடத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியதும் அவன் கேட்டான்: "நேராப் போனா 300 மீட்டர்தானே அண்ணா, எதுக்குப் பாதையில 450 மீட்டர் சுத்தணும்?" புதிதாக வரும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். பதில் உங்கள் கால்களிடம்தான் இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை போதும்.

முதலில் வரைபடத்தின் நிறங்கள். வெள்ளை என்றால் வெட்டவெளி என்று நினைத்துவிடாதீர்கள், அது தடையில்லாமல் ஓடக்கூடிய காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை அடர அடர வேகம் குறையும்: வெளிர்பச்சையில் உங்கள் வழக்கமான வேகத்தில் 60 முதல் 80 சதவீதம், நடுப்பச்சையில் 20 முதல் 60, கரும்பச்சையில் 20-க்கும் கீழே. அங்கே ஓட்டமே கிடையாது, முட்டி மோதித்தான் நுழைய வேண்டும்.

அடுத்தது அளவெடுப்பு. கப்பன் பூங்காவில் 100 மீட்டர் நீளத்தில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தார்ப்பாதை, புல்தரை, மூங்கில் பக்கம் வேரும் சருகுமாகக் கிடக்கும் தரை. வேலி போட்ட பாத்திகளை மிதிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் போய் வந்து இரண்டு முறை ஓடி, சராசரி நேரத்தைக் குறியுங்கள். இடது கால் எத்தனை முறை தரையைத் தொட்டது என்றும் எண்ணுங்கள். சருகில் அந்த எண்ணிக்கை கூடும், ஒவ்வொரு காலடியின் நீளமும் சுருங்குகிறது என்று அர்த்தம். பாதையில் எண்ணிப் பழகிய கணக்கை வைத்துக் காட்டில் தூரம் பார்த்தால் இடம் தவறிப்போகும்.

இதில் இரண்டு விஷயம் முக்கியம். மூச்சுவாங்க ஓடாதீர்கள், அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகத்தில் ஓடுங்கள். கையில் ஒரு காகிதத்தைப் பிடித்து அவ்வப்போது பார்த்துக்கொண்டே ஓடுங்கள். மேடுபள்ளத்தில் கண் தரையிலேயே இருக்கும், வரைபடம் பார்க்க நின்றே ஆக வேண்டியிருக்கும். அந்த நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

இனி கணக்கு. பாதையில் 36 விநாடி, புல்லில் 42, சருகில் 54 என்று வைத்துக்கொள்வோம். 36-ஐ 54-ஆல் வகுத்தால் சுமார் 67 சதவீதம், வெளிர்பச்சையின் வேகம். தம்பியின் 300 மீட்டர் வெளிர்பச்சை வழியாகப் போனால் 2 நிமிடம் 42 விநாடி. 450 மீட்டர் பாதைக்கும் அதே 2 நிமிடம் 42 விநாடிதான்! நடுப்பச்சையாக இருந்து வேகம் 40 சதவீதத்துக்கு இறங்கினால், நேர்வழிக்கு நாலரை நிமிடம். நேரம் சமமாக வந்தால் நான் பாதையையே எடுப்பேன், அடுத்த கன்ட்ரோலுக்கான, அதாவது வரைபடத்தில் குறித்த அடுத்த இடத்துக்கான வழியை ஓடும்போதே பார்த்துவிடலாம்.

அப்புறம் ஏற்றம். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் மலையேறுபவர்களுக்குச் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 3 மைல் நடக்க ஒரு மணி, 2,000 அடி ஏற இன்னொரு மணி. அதாவது 1 மீட்டர் ஏறுவது சுமார் 8 மீட்டர் சமதரைக்குச் சமம். 5 மீட்டர் இடைவெளியுள்ள சம உயரக் கோடுகளில் நான்கைத் தாண்டி ஏறினால் 20 மீட்டர் ஏற்றம், அதற்கு 160 மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வேகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். இறங்கும்போது அது திரும்பக் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். லால்பாக் பாறையில் மெதுவாக இறங்கிப் பாருங்கள், செங்குத்தான இறக்கத்தில் கால் தானாகவே பிரேக் போடும்.

மே மாத மழை தொடங்கியதும் இதே இடங்களில் மறுபடி அளந்து பாருங்கள். ஈரச் செம்மண்ணிலும் நனைந்த சருகிலும் எண்கள் மாறிவிடும், பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளுங்கள்.