டெஸ்க்டாப் மென்பொருளின் உதவிப் பக்கங்களுக்கு எளிய உரை வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

உதவிப் பக்கங்களை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும், வெறும் எழுத்தோடு சில குறிகளை இட்டு எழுதும் எளிய உரை வடிவங்களில் எதில் தட்டச்சு செய்வது சுலபம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். உண்மையில் தட்டச்சு செய்யும் வேலை ஒரே வாரத்தில் பழகிவிடும். பயனர் அந்தப் பக்கத்தை எங்கே திறக்கிறார், சரியான இடத்தில் திறக்கிறாரா, தமிழ் பிசகாமல் தெரிகிறதா என்ற கேள்விகளே பிறகு ஆண்டுக்கணக்கில் நம்மைத் தொடரும் என்பதால், தேர்வையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் பக்கத்தைக் காட்டப்போவது எது என்று முடிவு செய்யுங்கள். விண்டோஸில் 1997 முதல் புழங்கும் சிஎச்எம் என்னும் உதவிக் கோப்பு இன்றும் திறக்கிறது. ஆனால் அதன் பொருளடக்கமும் சொல்லடைவும் யூனிகோடுக்கு முந்தைய குறிமுறைப் பக்கங்களை, அதாவது மொழிவாரியான எழுத்து-எண் பட்டியல்களை, நம்பியிருப்பவை. இதற்குப் பயன்படும் அப்படியொரு குறிமுறைப் பக்கம் விண்டோஸில் தமிழுக்குக் கிடையாது. பக்கத்தின் உள்ளே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தாலும் இடப்பக்கப் பட்டியலில் தலைப்புகள் சிதைந்துபோகும். தமிழ் உதவிக்கு அதை விட்டுவிடுவதே நல்லது. கியூட்டி என்னும் நிரலாக்கக் கட்டமைப்பில் எழுதிய மென்பொருளாக இருந்தால் வழி எளிது: 5.14 பதிப்பு முதல் அதன் உரைக் காட்டியே, எளிய உரை வடிவங்களில் பரவலான மார்க்டவுனை நேரடியாகப் படித்துக் காட்டுகிறது. பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் முடியும் உதவிக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பக்கங்கள் பெருகும்போது உதவியைத் திறக்கும் எஃப்1 விசைதான் உண்மையான சோதனை. அச்சிடும் சாளரத்தில் எஃப்1 அழுத்தினால் அச்சிடுதல் பற்றிய பகுதி திறக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் மாறாத அடையாளப் பெயர் ஒன்று வேண்டும். மார்க்டவுனின் விதிகளை வரையறுக்கும் காமன்மார்க் விவரக்குறிப்பில் அப்படிப் பெயர் சூட்டுவதற்கென்று தனிக் குறியீடு இல்லை. பைத்தான் நிரல்மொழி உலகில் புழங்கும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் வடிவத்தில் உண்டு, ஆனால் நீங்களே பெயர் வைக்காவிட்டால் பக்கங்களை ஆக்கும் கருவியே தலைப்பிலிருந்து ஒரு பெயரை உருவாக்கிக்கொள்ளும். அந்தக் கருவி ஆங்கில எழுத்துக்களை மட்டுமே ஏற்பதால், முழுத் தமிழ்த் தலைப்புகளுக்கு ஐடி1, ஐடி2, ஐடி3 என்பதுபோல் வரிசை எண்ணே கிடைக்கும். அச்சிடுதல் பகுதி இன்று ஐடி3 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே எழுத்துருவைப் பற்றி ஒரு பகுதியை நாளை சேர்த்தால், அச்சிடும் சாளரத்திலிருந்து வருபவர் எழுத்துருப் பகுதியில் போய் நிற்பார். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆகவே எந்த வடிவமானாலும், நிரலிலிருந்து அழைக்கப்படும் ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கில எழுத்தில் அடையாளப் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபு. பொத்தான், மெனு பெயர்களைத் தடித்த எழுத்தில் காட்டுவது வழக்கம். தமிழிலோ அந்தப் பெயரோடு விகுதி ஒட்டிக்கொண்டு வரும். கோப்பு என்பதை மட்டும் இரட்டை உடுக்குறிகளுக்கு (**) உள்ளே வைத்து, கோப்புகளை என்று எழுதிப் பாருங்கள். மார்க்டவுன் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளும். ஆனால் "கோப்பு"களை என்று உடுக்குறிக்கு உள்ளே மேற்கோள் குறி வந்துவிட்டால், காமன்மார்க் விதிப்படி அந்த உடுக்குறிகள் மூடப்படாமல் அப்படியே திரையில் நிற்கும். ஆஸ்கிடாக் என்னும் இன்னொரு வடிவத்தில் சொல்லுக்கு இடையே தடித்த எழுத்து முடிவதானால் ஒற்றை உடுக்குறி செல்லாது, இரட்டை வேண்டும். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் மூடும் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தாக வேண்டும். விகுதி ஒட்டும் ஒவ்வோர் இடத்திலும் இடப்பக்கம் சாய்ந்த கோட்டையும் (\) ஓர் இடைவெளியையும் இட்டுச் சமாளிக்க வேண்டும். நூறு பக்கம் எழுதுபவருக்கு இது சிறிய தொல்லை அல்ல. ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டில் தலைப்பின் கீழே அதன் நீளத்துக்குக் கோடுகள் இட வேண்டும், அந்த நீளத்தில் உயிர்மெய்க் குறிகளும் தனியாக எண்ணப்படும்: "அச்சிடுதல்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, ஆனால் ஆறு கோடுகள் போதாது என்று எச்சரிக்கை வரும். தாராளமாகப் பத்துப் பன்னிரண்டு கோடுகள் போட்டுவிடலாம்.

அச்சுப் பிரதியும் வேண்டும் என்பவர்கள் ஆஸ்கிடாக்கை நாடுவது இயல்பு. 2002இல் பிறந்த அந்த வடிவம் நூல் எழுதுவதற்கு வளமானது. ஆனால் அதைப் பக்கமாக்கும் ஆஸ்கிடாக்டர் என்னும் மென்பொருள் தரும் பிடிஎஃப் கருவி இந்திய எழுத்துக்களின் கூட்டமைப்பைக் கையாளாது. "கொ" என்பதில் ஒற்றைக் கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் போய்விடும். அதே உரையை எச்டிஎம்எல் ஆக்கி உலாவியிலிருந்து அச்சிட்டால் சரியாக வரும்.

இத்தனையையும் எடைபோட்டால், ஓரளவு பெரிய உதவித் தொகுப்புக்கு என் தேர்வு ஸ்பிங்க்ஸ் கருவியும் அதற்குள் மிஸ்ட் என்னும் விரிவாக்கப்பட்ட மார்க்டவுனும். பைத்தான் ஆவணங்களுக்காக உருவாகி 2008இல் வெளிவந்த ஸ்பிங்க்ஸ், கியூட்டி உதவித் தொகுப்புக்கான கோப்புகளையும் எச்டிஎம்எல்லையும் ஒரே மூலத்திலிருந்து தரும். மொழிபெயர்ப்புக்குப் பத்தி பத்தியாகப் பிரித்தும் கொடுக்கும். ஆங்கில மூலத்தில் ஒரு பத்தி மாறினால் தமிழில் எந்தப் பத்தியைத் திருத்த வேண்டும் என்று அதனால் தெரிந்துவிடும். மிஸ்ட் தருவது, மேற்கோள் குறி குறுக்கிடாதவரை விகுதியைத் தடையின்றி ஏற்கும் மார்க்டவுன் நடையும், அடையாளப் பெயர் சூட்டும் வசதியும். சிறிதாக மார்க்டவுனில் தொடங்கியவர்களுக்கும் எழுதியது வீணாகாது. கோப்புகளைப் பெரும்பாலும் அப்படியே இதற்குள் கொண்டுவரலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்கி, உங்கள் உதவியிலேயே கடினமான பக்கத்தை, அதாவது அட்டவணையும் படமும் எச்சரிக்கைக் கட்டமும் விகுதி ஒட்டிய பொத்தான் பெயர்களும் உள்ள பக்கத்தை, அந்த வடிவத்தில் எழுதுங்கள். பிறகு மேலே புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டு, மென்பொருளைத் திறந்து எஃப்1 அழுத்திப் பாருங்கள்.