பால் கணக்குக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளிகள்

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துவிடுவாள். முந்தைய இரவு நன்றாகச் சாப்பிட்டிருப்பாள். பல் துலக்கும்போதும் நன்றாகத்தான் இருப்பாள். தலை பின்னிச் சீருடையைப் போட்டதும் வலி வந்துவிடும். ஓம வாட்டர் கொடுத்தேன், பூச்சி மாத்திரை கொடுத்தேன், கடைசியில் ஸ்கேனும் எடுத்தோம். ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். அன்று வீடு திரும்பும் வழியில் அவளிடம் "நடிக்காதே" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் வலி என்ற வார்த்தையையே என்னிடம் சொல்லவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டே பஸ்ஸுக்கு நடப்பதை மட்டும் மாடியிலிருந்து பார்ப்பேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே சொந்த வீட்டில் நடந்தது பிடிபடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் மனக்கலக்கம் முதலில் வாய்ப்பேச்சாக வருவதில்லை. வயிற்றுவலியாக வரும், தலைவலியாக வரும், தூக்கம் கெடும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகும். ஆண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். நாம் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். பதற்றத்தில் வரும் வயிற்றுவலி பொய்வலி அல்ல. மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. பயம் வந்தால் வயிறு உண்மையாகவே வலிக்கும். ஸ்கேனில் தெரியாத வலியும் வலிதான்.

ஆகவே, வலியை மறுக்காமல் குறித்து வையுங்கள். எங்கள் அடுப்படியில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில்தான் பால் கணக்கு எழுதுவேன். கூடுதலாக அரை லிட்டர் வாங்கிய நாளுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன நாள்களில் பென்சிலால் சிறியதாக ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன். ஆறு வாரம் கழித்துக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தால், புள்ளிகள் ஏறக்குறைய எல்லாமே செவ்வாயிலும் வெள்ளியிலும் விழுந்திருந்தன. அவளுடைய பாடவேளை அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாளும் முதல் பாடவேளை கணக்கு.

எந்த நாள், எத்தனை மணிக்குத் தூங்கினான், எதைச் சாப்பிடாமல் விட்டான், எந்த நண்பனின் பெயர் பேச்சிலிருந்து காணாமல் போயிற்று என்று இரண்டு மூன்று வார்த்தைகளில் நீங்களும் எழுதி வையுங்கள். பிற்பாடு மருத்துவரிடம் போக நேர்ந்தால் இந்தக் குறிப்பு மிகவும் உதவும். ஆனால் பிள்ளையின் நாட்குறிப்பையோ செல்போனையோ திருட்டுத்தனமாகப் படிக்காதீர்கள். அது ஒருநாள் வெளியே தெரிந்தால் வீட்டில் யாரையும் நம்ப முடியாது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

அடுத்தது பேச்சு. "வா, உட்கார், உன்னிடம் பேச வேண்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டால் பிள்ளை வாயைத் திறக்காது. முகத்துக்கு நேரே முகம் பார்த்துப் பேசுவது அவர்களுக்கு விசாரணை மாதிரி இருக்கிறது. கைக்கு வேலை இருக்க வேண்டும், கண்ணுக்கு வேறு இடம் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரைக் கட்டை முறத்தில் கொட்டி, "கொஞ்சம் ஆய்ந்து கொடு பாப்பா" என்று அவளைக் கூப்பிட்டேன். கால் மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு தலையைத் தூக்காமலே, "செவ்வாய், வெள்ளி என்றால் கணக்கு வகுப்புதானே?" என்றேன். அவள் கை நின்றது. ஒரு காம்பை எடுத்து இலையே இல்லாமல் உருவிக்கொண்டிருந்தாள். டெஸ்ட் மதிப்பெண்ணை உரக்கப் படிப்பார்களாம். பத்துக்கு நாலுக்குக் கீழே எடுத்தவர்கள் பாடவேளை முழுவதும் நிற்க வேண்டுமாம். நின்றவர்களின் வரிசைக்கு மற்ற பிள்ளைகள் ஒரு பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்களாம். முழுவதையும் கீரையைப் பார்த்தே சொன்னாள். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அன்று கீரையில் பாதிக் காம்பு கிடந்தது, அப்படியே சமைத்தேன்.

அப்பாக்களுக்கு ஸ்கூட்டர் நல்ல இடம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் முதுகுதான் தெரியும். அந்த முதுகிடம் நிறையச் சொல்வான். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் சுற்றுவழியாகப் போங்கள்.

பேச ஆரம்பித்ததும் நாம் செய்யும் தவறு, உடனே தீர்ப்புச் சொல்வது. "இதற்கெல்லாமா அழுவது?", "உனக்கு என்ன குறை வைத்தோம்?", "நாங்கள் அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தோம்." இந்த மூன்றையும் நானே சொல்லியிருக்கிறேன். மூன்றுமே கதவைச் சாத்துகிற வார்த்தைகள். அதற்குப் பதிலாக, "கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். நான் சும்மா கேட்கட்டுமா, வழி எதுவும் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "சும்மா கேள்" என்றுதான் பதில் வரும். சொன்னதை அன்றிரவே சித்திக்கும் அத்தைக்கும் போனில் ஒப்பிக்காதீர்கள். பள்ளியில் பேச வேண்டியிருந்தால் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். என் வகுப்பிலும் மதிப்பெண்ணை உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. அந்த வாரமே நிறுத்தினேன்.

தூக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போவதால் சீக்கிரம் தூக்கம் வராது, சோம்பல் அல்ல. விடிகாலை ஐந்து மணி டியூஷனை விட்டாலே பாதிப் பிள்ளைகளின் முகம் தெளியும் என்பது என் அனுபவம். இரவில் எல்லாருடைய செல்போனும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், அம்மா அப்பாவுடையதும் சேர்த்து.

தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோரில் ஒருவராவது விடுப்புப் போட்டு வீட்டில் இருங்கள். முடிவைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் அழட்டும். அழுகையை நிறுத்த அவசரப்படாதீர்கள். உறவினர் அழைப்புகளை நீங்கள் எடுங்கள், பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனாலும் அடுத்த சில வாரங்களில் துணைத்தேர்வு இருக்கிறது, அதே வருடம் கல்லூரியில் சேரலாம், மறுகூட்டலும் மறுமதிப்பீடும் இருக்கின்றன. இவற்றை முடிவு வருவதற்கு முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். முடிவு வந்த அன்று இரவு பிள்ளையைத் தனி அறையில் விடாமல் கூடத்தில் எல்லாரும் ஒன்றாகப் படுங்கள். எங்களைப் போன்ற விவசாயப் பக்கத்து வீடுகளில் பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கும். அதையும் தாத்தா பாட்டியின் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். முடிந்தால் பூச்சிமருந்தை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

"நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று பிள்ளை சொன்னாலோ, பிடித்த பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தாலோ நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. கேட்க ஒரு ஆள் இருப்பதே பிள்ளையின் பாரத்தைக் குறைக்கிறது. "ஆமாம்" என்று சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நடு இரவானால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம். குழந்தைகளே அழைக்க 1098 இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

அவசரம் இல்லாதபோதும், மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்துப் படிப்பையோ சாப்பாட்டையோ மற்றவர்களோடு பழகுவதையோ கெடுத்தால் மருத்துவரைப் பாருங்கள். "நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பதினைந்து வயதில் கால் உடைந்தால் இந்தக் கேள்வியைக் கேட்போமா? கோவிலுக்கு நேர்ந்துகொள்வதென்றால் நேர்ந்துகொள்ளுங்கள், மருத்துவரிடமும் போங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். என் மாணவி ஒருத்தியின் அப்பா பத்தாம் நாளே "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்திவிட்டார். பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து பட்டாள். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்படி மட்டுமே நடக்கட்டும்.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேட்டுவிடுங்கள். எனக்கு அதற்கு ஒரு வருடம் ஆயிற்று. ஒரு மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "ஸ்கேன் எடுத்த அன்று உன்னை நடிக்காதே என்று சொன்னேன். அது தப்பு பாப்பா" என்றேன். எங்கே சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் ஒரு துண்டை மடித்து அடுக்கிவிட்டுச் சொன்னாள்: "பஸ் ஸ்டாண்டு வாசலில் அம்மா. பலாச்சுளை விற்கிற வண்டிக்குப் பக்கத்தில். எனக்கு வாங்கித் தருகிறேன் என்று நின்றாய், அப்புறம் வாங்கவில்லை."