ஆவியில் வேகும் சைவ டம்ப்ளிங்: தோல் கிழியாமல் வந்த வழி

சைவ டம்ப்ளிங் (மாவுத் தோலுக்குள் காய்ப் பூரணம் வைத்து மூடும், கொழுக்கட்டை போன்ற சீனப் பண்டம்) அவிக்கும்போதெல்லாம் அடித்தோல் ஊறிக் கிழிந்து, பூரணம் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். பூரணத்தில் போடும் முட்டைக்கோஸ் விடும் தண்ணீர்தான் காரணம். இப்போது பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, கால் மணி நேரம் கழித்துத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிகிறேன். எவ்வளவு நீர் இறங்குகிறது! அப்புறம் ஊறவைத்த ஷீட்டாக்கே காளான், இஞ்சி, மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளக் கொஞ்சம் கண்ணாடி நூடுல்ஸ் (வெந்ததும் கண்ணாடிபோல் தெரியும் மெல்லிய நூடுல்ஸ்). கடைசியில் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த மணம் வராது.

மாவும் முக்கியம். ஆவியில் வேகும் வகைக்குச் சீனாவில் மைதாவைக் கொதிநீர் விட்டுப் பிசைவார்கள். மாவு பாதி வெந்துவிடுவதால் தோலை மெல்லிசாகத் தேய்க்கலாம், வெந்தபின் விறைக்காது. மூங்கில் கூடையில் முட்டைக்கோஸ் இலை விரித்து, இடைவெளி விட்டு அடுக்கி, 8 முதல் 10 நிமிடம். தோல் மினுமினுத்ததும் இறக்கிவிடலாம்.