தோட்டத்தில் பழைய கிணறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தரைவீட்டைப் புதுப்பிக்கத் தோண்டும்போது கம்பத்துக் (கிராமத்துக்) காலத்துக் கிணறு ஒன்று தட்டுப்பட்டால் வீடே மகிழ்ந்துபோகும். தண்ணீர் பளிங்குபோல் இருந்தால், “இதுதான் அசல் மினரல் வாட்டர்” என்று பெரியவர் யாராவது ஒரு கை அள்ளிக் குடித்தும் விடுவார். முதல் தவறு அதுதான்.

இந்த ஆசைக்குச் செம்பவாங் வெந்நீரூற்றும் ஒரு காரணம். 1920களில் ஃபிரேசர் அண்ட் நீவ் என்ற பான நிறுவனம் அந்த நீரைப் போத்தலில் அடைத்து விற்றது உண்மை. ஆனால் அது நிலத்தின் ஆழத்தில் சூடாகி, சுமார் 70 டிகிரியில் மேலே வருகிற நீர். உங்கள் கிணற்றில் ஊறுவது சில மீட்டர் மண்ணில் இறங்கிய மழைநீர். உரம், பூச்சிமருந்து, பழைய கழிவுக்குழி எதுவும் அதில் கலந்திருக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், சரி. நைட்ரேட்டும் உலோகங்களும் போகாது. நீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கலக்கினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனே குறைந்துவிடும். ஆய்வகத்தில் சோதிக்காமல் குடிக்கவே வேண்டாம்.

செடிக்கு ஊற்ற பம்பு வைப்பவர்கள் அதை வீட்டுக் குழாயோடு இணைத்துவிடக் கூடாது. அழுத்தம் குறையும் நேரத்தில் கிணற்று நீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிடும்.

பலகையோ தகரமோ போட்டு மூடுவதும் போதாது. அது உளுத்துப்போகும், துருப்பிடிக்கும். பிள்ளைகள் மேலே ஏறுவார்கள். இடுக்கு இருந்தால் கொசு நுழையும், டெங்கி பரப்பும் ஏடிஸின் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தூர்ப்பதானால் இடிபாட்டைக் கொட்டாமல் பொறியாளரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் மண் உள்வாங்கும். கிணறு மூச்சுவிட வேண்டும் என்று குழாய் விடும் நம் வழக்கத்தில் தவறில்லை. குழாயின் வாயில் மட்டும் மெல்லிய வலை கட்டுங்கள்.

எனக்கு மிகவும் பயம் தருவது உள்ளே இறங்குவதுதான். மூடிக் கிடந்த கிணற்றின் அடியில் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையை நம்பாதீர்கள்: நச்சு வாயு இருந்தும் விளக்கு எரியும், மீத்தேன் இருந்தால் வெடிக்கும். விழுந்த பந்துக்காகக்கூட இறங்க வேண்டாம். உள்ளே யாராவது மயங்கிவிட்டால், தூக்கப் போகிறவரும் அங்கேயே சாய்வார். மேலேயே நின்று அவசர உதவி எண் 995ஐ அழையுங்கள்.